அலையாண்டாரின் தங்கப் பெட்டி

ஐயாவின் மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கி வந்தவர், மோடத்தைப் பச்சைக் குழந்தை மாதிரித் துண்டில் சுற்றி வந்தவர், வெறும் ஒயரை மட்டும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர் என்று கூட்டம் தெருவரை வழிந்தது. அத்தனை பேருக்கும் ஒரே வியாதி. மெதுவாகப் போகிறது. படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, கோப்பு பாதியில் தூங்குகிறது. ஒருவர் மட்டும் தன் மருமகன் எந்த வேலையையும் மெதுவாகத்தான் செய்கிறான், அதற்கும் ஐயா பார்ப்பாரா என்று விசாரித்தார். பார்ப்பாராம். கட்டணம் மட்டும் தனியாம்.

ஐயா என்றால் அலையாண்டார். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது அவருக்கே மறந்துவிட்டது. வானநீலக் கோட்டு, கழுத்தில் செம்புக் கம்பிச் சுருள், கையில் நுனி இரண்டாகப் பிரிந்த செம்புக் கவைக்கோல். அந்தக் கவைக்கோல் கெட்ட அலை இருக்கும் இடத்தில் நடுங்கும். பிடித்திருக்கிற கையும் கூடவே நடுங்கும். எது முதலில் நடுங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை.

"ஒயருக்குள்ள ஓடுறது கரண்டுன்னு நினைக்கிறீங்க. கிடையாது. அங்க ஓடுறது மனசு," என்பார். கூட்டம் தலையாட்டும். தலையாட்ட மூளை எதற்கு, கழுத்து போதுமே.

இப்படிப்பட்ட மகானை கட்டட வரைபடம் போடும் ஒரு அலுவலகத்துக்கு அழைத்து வந்த புண்ணியவான் மேனேஜர். முதலாளியின் மனைவிக்குத் தம்பி. அந்த ஒரு தகுதியில் மேனேஜர் ஆனவர் என்பதால் ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் மச்சான் சார்.

அலுவலகம் என்பது ஒரே நீளக் கூடம். ஒரு கோடியில் வரைபடக்காரியின் மேசை. மறு கோடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், அச்சு அறை. இரண்டு இடத்திலும் யூனிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் ஒவ்வொரு கம்ப்யூட்டர். கட்டடங்களின் படத்தை அவள் இங்கே வரைந்து முடித்து அங்கே அனுப்புவாள். அங்கே இருக்கும் பெரிய இயந்திரம் அதைப் பாய் அகலத் தாளில் அச்சடித்துத் தள்ளும். கூடத்தில் இருந்த மற்றவர்களும் அதே இணைப்பில்தான் கணக்கு, கடிதம், விலைப்புள்ளி எல்லாம் அனுப்பினார்கள்.

மதியம் ஆனால் எல்லாம் தவழும். தவழாமல் என்ன செய்யும்? எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். சாப்பிட்ட களைப்புத் தீர நாலைந்து பேர் திரையின் மூலையில் ஜன்னலைச் சிறிதாக்கி வைத்துச் சினிமா வேறு பார்ப்பார்கள். நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் இதை முதலாளியிடம் பலமுறை சொன்னார். சினிமா பார்த்தவர்களில் முதலாளியும் ஒருவர் என்பதால் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

அலையாண்டார் வந்தார். கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடினார்.

"எல்லாரும் எந்திரிங்க. கீபோர்டுல இருந்து கையை எடுங்க. திறந்து வச்சிருக்கிறதை எல்லாம் மூடுங்க. மூச்சு மட்டும் விடலாம்."

எல்லாரும் எழுந்து கை கட்டி நின்றார்கள். கவைக்கோல் நடுங்கியது. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மேசை மேசையாக நடந்தார். பிறகு வரைபடக்காரியைப் பார்த்து, "இப்ப அனுப்பும்மா," என்றார். அவள் அனுப்பினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் அச்சு அறைக்குப் போய்விட்டது.

"பாத்தீங்களா மாமா," என்றார் மச்சான் சார்.

முதலாளிக்குப் புல்லரித்தது. சாலையில் ஒரு வண்டியும் இல்லாதபோது எந்த வண்டியும் வேகமாகத்தான் போகும் என்பது, பாவம், சாலையில் தினமும் காரோட்டி வருகிற அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. அந்த வாரமே நெட்வொர்க் ஊழியரைக் கூப்பிட்டு, இனி உங்கள் சேவை தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார். அவருக்குப் பதிலாக அலையாண்டாருக்கு 'அலைப் பராமரிப்பு' ஒப்பந்தம். ரசீது மட்டும் கிடையாது. ரசீது எழுதினால் அலை கலைந்துவிடுமாம்.

ஒப்பந்தத்தோடு ஒரு பெட்டியும் வந்தது. தங்க வண்ணம் பூசிய பெட்டி. ஒரு பக்கம் ஒயர் நுழைய ஓட்டை, மறு பக்கம் ஒயர் வெளியேற ஓட்டை, பின்னால் கரண்டுக்கு ஒரு ஒயர். தூக்கினால் நல்ல கனம்.

"இந்தக் கனம் அத்தனையும் ஆற்றல்," என்றார் அலையாண்டார். "இங்க யார் பெரிய பெரிய கோப்பு அனுப்புறாங்களோ அவங்க ஒயர் இது வழியாப் போகட்டும். பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தா பார்வைக்கு நான் பொறுப்பில்லை."

பெரிய கோப்பு அனுப்புகிறவள் வரைபடக்காரி. அவள் காலடியில் பெட்டி குடியேறியது. சுவரிலிருந்து வந்த ஒயர் பெட்டிக்குள் போய், பெட்டியிலிருந்து அவள் கம்ப்யூட்டருக்குப் போனது.

அன்றிலிருந்து பிடித்தது சனியன். முன்பு மதியம் மட்டும் தவழ்ந்தது, இப்போது விடிந்தது முதல் பொழுது அடையும்வரை. அவள் படம் அனுப்பினால் கொஞ்சம் போகும், நிற்கும், யோசிக்கும், மறுபடி கொஞ்சம் போகும். படத்தைத் தாளில் கையால் வரைந்து, நடந்து போய்க் கொடுத்திருந்தால் சீக்கிரம் சேர்ந்திருக்கும். அச்சு இயந்திரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வாடிக்கையாளர்கள் போனில் கத்தினார்கள். முதலாளி அவள்மேல் கத்தினார்.

இந்த நேரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் லீவு போட்டாள். அந்த இரண்டு நாளும் அலுவலகம் பறந்தது. பெரிய படம் எதுவும் போகாததால் மதியம்கூட ஒருவருக்கும் ஒரு தடங்கலும் இல்லை. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். படம் மறுபடி நொண்டியது.

அவள்தான் காரணம் என்று மச்சான் சார் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டார். அவள் இல்லாத நாளில் அந்தப் பெட்டி வழியாக யாருமே எதையும் அனுப்பவில்லையே என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற வேலைக்குத்தான் ஒப்பந்தம் போட்டாயிற்றே. அலையாண்டாருக்குப் போன் போனது.

அவர் வந்தார். கவைக்கோல் கூடத்தைச் சுற்றி வந்து வரைபடக்காரியின் முன்னால் நின்று நடுங்கியது, வலிப்பு வந்த மாதிரி.

"ஒயர்ல குறையில்லை. பெட்டியிலயும் குறையில்லை. இந்தம்மா உடம்புல எதிரலை ஓடுது. சில பேருக்குப் பிறவியிலேயே உண்டு. இவங்க தொட்டது எதுவும் ஓடாது."

பக்கத்து மேசைக்காரர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கூடவே உட்கார்ந்து சோறு தின்ற மனுஷன். எனக்கு இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

கதை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மச்சான் சாரின் மனைவியும் வரைபடக்காரியின் வீட்டுக்காரரும் ஒரே கடையில் மளிகை வாங்குகிறவர்கள். அன்று மாலை வீட்டில் மகள் ஏதோ பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "நீ தள்ளி உக்காரும்மா, வீடியோ நின்னுடும்," என்றாள் குழந்தை. விளையாட்டுக்கும் சொல்லவில்லை, கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. அப்பா சொன்னதைச் சொன்னாள். வரைபடக்காரி எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மற்றவர்கள் நம்பியது போக, அன்றைக்கு அவளே பாதி நம்பிவிட்டாள். போனைக்கூடத் தொடப் பயந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் முடிவு சொன்னார்கள். வரும் திங்கட்கிழமை அலையாண்டார் முன்னிலையில் அவள் நாற்காலியை விட்டு எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே போக வேண்டும். வேலையும் அதோடு சரி. பிறகு அலை சுத்தமாகிவிடும்.

அந்தத் திங்கட்கிழமை சாமான்களை எடுத்து வரத் துணைக்கு வந்தவள் அவளுடைய அண்ணி. அண்ணன் மனைவி என்றால் சும்மா பை தூக்க வந்தவள் என்று நினைக்க வேண்டாம். வேறோர் ஊரில், பெரிய கிடங்கு ஒன்றில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் பிழைப்பு. வருகிற வழியிலேயே நாத்தனாரிடம் கேட்டாள்.

"எப்பலேருந்து இப்படி?"

"அந்தப் பெட்டி வந்ததிலேருந்து அண்ணி."

"உன் உடம்பு அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு? அலமாரியிலயா?"

வரைபடக்காரிக்குப் பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

கூடத்தில் அன்றைக்கு ஊழியர்களோடு ஐயாவின் மாடிப்படிக் கூட்டத்தில் பாதியும் வந்து நின்றது. ஒரு ஆள் வேலையை விட்டுப் போவதை வேடிக்கை பார்க்க மனிதர்களுக்கு எப்போதும் நேரம் இருக்கிறது. அலையாண்டார் கோட்டின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரு நிமிஷம்ங்க," என்றாள் அண்ணி. "என் நாத்தனார் போறா. வேண்டாம்னு சொல்லலை. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அவ போய் மேனேஜர் சார் நாற்காலியில உக்காரட்டும். சார் இவ நாற்காலியில உக்காந்து படத்தை அனுப்பட்டும். எதிரலை இவ உடம்புல இருந்தா, அங்க நிக்கணும், இங்க ஓடணும். சரிதானே?"

முதலாளி அலையாண்டாரைப் பார்த்தார். அலையாண்டார் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஆவலாக இருந்தது. "தாராளமா," என்று சொல்வதைத் தவிர அவருக்கு வழியில்லை.

மாறி உட்கார்ந்தார்கள். மச்சான் சாரின் கம்ப்யூட்டரிலிருந்து வரைபடக்காரி ஒரு பெரிய கோப்பை அச்சு அறைக்கு அனுப்பினாள். கோப்பு சிட்டாகப் பறந்தது. அவள் இன்னொன்றை அனுப்பினாள். அதுவும் பறந்தது. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் மேசையிலோ பரம பக்தரான, எதிரலையே அண்டாத உடம்புக்காரரான மச்சான் சார் அனுப்பிய படம் கொஞ்சம் போனது, நின்றது, யோசித்தது.

"அவங்க அலை அந்த நாற்காலியில ஊறிப்போச்சு," என்றார் அலையாண்டார்.

"அப்படியா," என்று அண்ணி அந்த நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்து போட்டாள். மச்சான் சார் உட்கார்ந்தார். படம் நொண்டியது.

"இதே கூரைக்கு அடியில இருக்காங்க இல்லையா. அலை சுத்திச் சுத்தி வருது," என்றார் அலையாண்டார்.

"நீ கீழ போய்த் தெருவுல நில்லு," என்றாள் அண்ணி. வரைபடக்காரி இறங்கிப் போய் எதிர் நடைபாதையில் நின்றாள். கூட்டம் ஜன்னல் வழியாக அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தது. படம் நொண்டியது.

"அடுத்த ஊருக்கு பஸ் ஏத்தி விடட்டுங்களா?" என்று கேட்டாள் அண்ணி. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஒரு சிரிப்புதான். அலையாண்டாருக்கு அதைவிடப் பெரிய அபாயம் வேறில்லை.

அண்ணி நாத்தனாரை மேலே கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மச்சான் சாரை எழுப்பிவிட்டு விசைப்பலகையில் இரண்டு வரி தட்டினாள். முதலில் அச்சு அறைக் கம்ப்யூட்டரை 'இருக்கியா' என்று கேட்கிற சின்னத் தட்டல். 'இருக்கேன்' என்று பதில் உடனுக்குடன் வந்தது.

"பாருங்க. குரல் குடுத்தா கேக்குது. மூட்டையைத் தூக்கிப் போட்டாத்தான் விழுது. வழி அறுந்து போகலை, வழியில ஏதோ முட்டிக்குது." அடுத்த வரியில் எண்கள் வந்து நின்றன. படம் போகப் போக, பிழை என்ற பத்தியில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. "இந்தக் கம்ப்யூட்டரையும் சுவத்துக்குப் பின்னாடி இருக்கிற இணைப்பையும் உங்க பழைய நெட்வொர்க் ஆள் பேசிவச்சு அமைச்சிருக்கார். ரெண்டும் ஒரே நேரத்துல பேசலாம், கேக்கலாம். இருவழிப் பாதை. நடுவுல இப்ப என்ன புதுசா வந்திருக்கு?"

எல்லார் கண்ணும் தங்கப் பெட்டிக்குப் போனது.

"அதைத் தொடக் கூடாது," என்றார் அலையாண்டார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "பார்வை போயிடும். நான் சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. முதலாளி ஓரடி அதிகமாகவே நகர்ந்தார். அண்ணி குனியப் போனாள். வரைபடக்காரி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் தொடுறேன் அண்ணி. நான் தொட்டா எதுவும் ஓடாதுன்னு இவரே சொல்லியிருக்கார். பாத்துடலாம்."

மண்டியிட்டு உட்கார்ந்து பெட்டியிலிருந்து இணைப்பு ஒயர் இரண்டையும் பிடுங்கினாள். சுவரிலிருந்து வந்த ஒயரை நேராகத் தன் கம்ப்யூட்டரில் சொருகினாள். எழுந்து, தன் மேசையில் உட்கார்ந்து, படத்தை அனுப்பினாள்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அச்சு இயந்திரம் உறுமியது. தாள் வெளியே வரத் தொடங்கியது. இன்னொன்று அனுப்பினாள். அதுவும் வந்தது. இந்த முறை யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை, கை கட்டச் சொல்லவில்லை, மூச்சைக் கணக்குப் பார்த்து விடச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர் காதில் பாட்டுகூடக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணி பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்து மூடியை நெம்பினாள். யாருக்கும் பார்வை போகவில்லை. பார்வை இல்லாதிருந்த சிலருக்குக் கொஞ்சம் வந்திருக்கலாம். உள்ளே ஒயர்களை இணைக்கிற, தூசி படிந்த பழைய ஹப் ஒன்று, காயலான் கடையில் குவியலாகக் கிடக்கிற ரகம். பக்கத்தில் ஆற்றல். அதாவது ஒரு அரைச் செங்கல்.

"இது அந்தக் காலத்துச் சரக்கு. ஒருத்தர் பேசினா மத்தவர் வாயை மூடிக்கணும். ஒத்தை வண்டிப் பாலம். ரெண்டு பக்கமும் இருவழின்னு நினைச்சு வண்டி விட்டா, பாலத்து நடுவுல முட்டிக்கிட்டுக் கிடக்கும். அவ்வளவுதான் எதிரலை," என்றாள் அண்ணி. "செங்கல் எதுக்குன்னு ஐயாதான் சொல்லணும்."

கூட்டம் செங்கலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் வானநீலக் கோட்டு படியிறங்கிவிட்டது. கவைக்கோலை மறந்து வைத்துவிட்டுப் போனார். மச்சான் சார் அதை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். அது நடுங்கவில்லை; அவர்தான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

முதலாளி தொண்டையைச் செருமினார். "சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. நீ உன் வேலையைப் பாரும்மா."

"பாக்குறேன் சார்," என்றாள் வரைபடக்காரி. எழுந்து நின்றே சொன்னாள். "எல்லார் முன்னாடியும் என் உடம்புல குறைன்னு சொன்னீங்க. என் பொண்ணு என்னைப் பக்கத்துல உக்கார விடலை. இல்லைங்கிறதையும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் உக்காருறேன்."

நாற்காலியைத் தள்ளிப் போட்ட பக்கத்து மேசைக்காரர் தரையைப் பார்த்தார். முதலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உன்மேல குறையில்லை. தப்பு எங்கமேல," என்றார். இரண்டாவது வாக்கியம் கொஞ்சம் மெதுவாக வந்தது. "கேக்கலை சார்," என்று முன்வரிசை சொன்னது. மறுபடி சொன்னார். அனுப்பிவிட்ட நெட்வொர்க் ஊழியருக்கு இன்றைக்கே போன் செய்வதாகவும், யாரும் கேட்காமலே, சேர்த்துச் சொன்னார். வரைபடக்காரி உட்கார்ந்தாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் நம் ஜனங்களை இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினாள். பின்னால் வரிசை நின்றது. துண்டில் மோடத்தோடு வந்தவர் முதல் ஆள். கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கி வந்தவர் அடுத்து. எல்லாருக்கும் முன்னால் குறுக்கே புகுந்து மச்சான் சார் தன் போனை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

"அம்மா, உங்க கையால ஒரு தடவை தொட்டுக் குடுத்துட்டுப் போங்கம்மா. உங்க கை பட்டதும் எப்படி ஓடுச்சு."

"ஒயரைப் பிடுங்கினது நான் இல்லை, அவ," என்றாள் அண்ணி.

"அப்போ அவங்க தொடட்டும்," என்றது வரிசை. உடனே மொத்தமாக வரைபடக்காரியின் மேசைப் பக்கம் திரும்பியது. காலையில் அவள் தொட்டால் விளங்காது என்று வேடிக்கை பார்க்க வந்த அதே கூட்டம்.

அண்ணி மேசையில் கிடந்த அரைச் செங்கலை எடுத்து மச்சான் சாரின் கையில் இருந்த போனின்மேல் வைத்தாள். "ஆளை மாத்தினா ஒண்ணும் ஆகாது சார். மெதுவா போனா எதையாவது ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க, எது மாறுதுன்னு கவனிங்க. ஒயர், பெட்டி, கம்ப்யூட்டர், எல்லாத்தையும் பாத்துட்டும் சரியா வரலைன்னா, மெதுவா போறது வேற எங்கயாவது இருக்கான்னு உங்க தலையையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க."